ஸ்போர்ட் பைக் ரியூனிங்: திருகோணமலையிலிருந்து டைனோவுக்குப் போய் வர ஒரு முழுமையான வழிகாட்டி

என்னுடைய யமஹா ஆர்15-ஐயும் சேர்த்து இதுவரை ஆறு பைக்குகள் டைனோவில் (பின் சில்லை ரோலரில் ஓடவிட்டு வலுவை அளக்கும் கருவி) ஏறி இறங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதில் மூன்று முதல்முறை வேலை முடியாமலே ஊருக்குத் திரும்பின. மூன்றிலும் ரியூனர் (பெற்றோல் அளவையும் பொறி நேரத்தையும் சரிசெய்பவர்) மேல் பிழை சொல்ல ஏதுமில்லை. பைக்தான் தயாராக இருக்கவில்லை. கொழும்பில் மணிக்கணக்கில் காசு ஓடிக்கொண்டிருக்கும்போது காஸ்கட் (இணைப்பில் கசிவை அடைக்கும் வளையம்) தேடி அலைவது எவ்வளவு எரிச்சல் என்பது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். அதனால் கீழே உள்ளதில் பாதிக்கு மேல் திருகோணமலையை விட்டுப் புறப்படுமுன் செய்து முடிக்க வேண்டிய வேலைதான்.

1. குறையை முதலில் தாளில் எழுதுங்கள்

“பவர் காணாது” என்று சொல்லிக்கொண்டு ரியூனரிடம் போகாதீர்கள். அதை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்தக் கியரில், எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுழலும் எண்ணிக்கை), அக்சிலேற்றரை எவ்வளவு திருகியிருக்கும்போது என்ன நடக்கிறது என்று ஒரு கிழமை கவனித்து எழுதுங்கள். “மூன்றாம் கியர், 4000-இல் கால்வாசி திருகினால் முதலில் தயங்கி, பிறகு உதறிக்கொண்டு பாய்கிறது” என்று எழுதினால் ரியூனருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

எழுதும்போது இன்னொன்றும் தெளிவாகும். நம்மில் பலருக்குக் குறை உச்ச வேகத்தில் இல்லை. உவர்மலைப் பக்கம் மெதுவாக வளைந்து திரும்பும்போதும், கிண்ணியாப் பாலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊரும்போதும் கைக்குக் கட்டுப்படாமல் துள்ளுவதுதான் பிரச்சினை. அது பாதி திருகலுக்குக் கீழே உள்ள விஷயம். முழுத் திருகலில் மட்டும் ரியூன் செய்து வந்தால் அது அப்படியே இருக்கும்.

சில குறைகளுக்கு ரியூனிங்கே தேவைப்படாது. கிளம்பும் இழுவை மட்டும் போதவில்லை என்றால் செயின் ஓடும் முன் ஸ்ப்ரொக்கட்டில் (பற்சில்லில்) ஒரு பல் குறைத்துப் பாருங்கள். அது பின்னால் மூன்று பல் கூட்டியதற்கு ஏறத்தாழச் சமம், செலவும் மிகக் குறைவு. அதே வேகத்துக்கு எஞ்சின் கூடுதலாகச் சுழலும். அது பரவாயில்லையா என்று நீங்களே ஓடிப் பார்த்து முடிவு செய்யலாம்.

2. எவ்வளவு எதிர்பார்க்கலாம்

150, 200 சிசி ஒற்றைச் சிலிண்டரில் மேப் (எப்போது எவ்வளவு பெற்றோல் என்று எஞ்சினுக்குச் சொல்லும் கணக்கு) மாற்றினால் உச்சத்தில் கூடுவது ஒன்று, இரண்டு குதிரைவலுதான். அதற்கு மேல் வாக்குக் கொடுப்பவரிடம் கவனமாக இருங்கள். உண்மையான ஆதாயம் நடுவில் கிடைக்கும். கம்பனி மேப் புகைக் கட்டுப்பாட்டுக்காகக் குறைந்த திருகலில் பெற்றோலைக் குறைத்தே கொடுக்கும். அந்த இடங்களைச் சரிசெய்தால் வலு ஒரே சீராக ஏறும், கை சொன்னதை எஞ்சின் கேட்கும்.

3. மாற்றப்போகும் பாகங்களை எல்லாம் முன்பே மாற்றிவிடுங்கள்

சைலன்சர், எயார் பில்டர், ஸ்ப்ரொக்கட் எதுவானாலும் டைனோவுக்கு முன். மேப் என்பது அந்த நேரம் எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றுக்கு ஏற்ற பெற்றோல் கணக்கு. காற்றுப் பாதையை மாற்றினால் கணக்கும் மாறும்.

இதில் தம்பிமார் விடும் பிழை எப்போதும் ஒரே மாதிரி. ரியூன் செய்து வந்து இரண்டு மாதம் போனதும் யாரோ விற்கும் சைலன்சர் கண்ணில் பட்டு வாங்கிப் பூட்டுவார்கள். அதோடு செலவழித்த காசு போச்சு. பட்ஜெட் இரண்டுக்கும் காணாதென்றால் பாகத்தை வாங்கிவிட்டு, ரியூனிங்குக்குச் சேர்க்கும் வரை காத்திருங்கள். ஆனால் பாகம் பூட்டிய பைக்கைக் கடுமையாக ஓடாதீர்கள். பெற்றோல் குறைந்த கலவையில் முழுத் திருகலில் நீண்ட தூரம் போனால் எஞ்சின் சூடேறிப் பிஸ்டனுக்கே ஆபத்து.

திறந்த பில்டர் பற்றி என் கருத்து: நிலாவெளி, உப்புவெளி வீதிகளின் மணல் தூசிக்குள் ஓடும் பைக்குக்கு அது வேண்டாம். பில்டர் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே புதிய பில்டர் போடுங்கள்.

4. எஞ்சினின் உடல்நலம்: இந்த வரிசையில்

மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள். வரிசை முக்கியம், ஏனென்றால் ஒவ்வொன்றும் அடுத்ததன் அளவை மாற்றும்.

முதலில் வால்வ் இடைவெளி. எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். காலையில் கராஜுக்கு ஓடிப்போய் உடனே அளந்தால் அளவு பொய். முதல்நாள் பின்னேரமே பைக்கை விட்டுவிடுங்கள். அளவுகள் பைக்கின் கையேட்டில் இருக்கும். மெக்கானிக்கின் ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

அடுத்தது கம்பிரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) சோதனை. இது குறைந்திருந்தால் டைனோ திட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். தேய்ந்த பிஸ்டன் ரிங்கை எந்த மேப்பும் சரிசெய்யாது.

மூன்றாவது காற்றுக் கசிவு. காபரேற்றர் அல்லது த்ரொட்டில் பொடியையும் (எஞ்சினுக்குக் காற்று விடும் பாகம்) எஞ்சினையும் இணைக்கும் ரப்பரில் வெடிப்பு இருந்தால், அக்சிலேற்றரை விட்டபின்னும் ஆர்பிஎம் இறங்கச் சுணங்கும். நம்மூர் வெயிலில் நாளெல்லாம் நிற்கும் பைக்கில் இந்த ரப்பர் சீக்கிரம் காய்ந்து வெடிக்கிறது.

நான்காவது சைலன்சர் இணைப்பு. இதில்தான் நான் மாட்டினேன். எஞ்சின் வாயிலில் இருக்கும் காஸ்கட் லேசாகக் கசிந்தது. காதுக்கும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போய், டைனோவின் ஒக்சிசன் சென்சருக்குப் பெற்றோல் குறைவு போலக் காட்டியது. அதை நம்பிப் பெற்றோலைக் கூட்டியிருந்தால் உண்மையில் கலவை அளவுக்கு மீறித் தடித்திருக்கும். ரியூனர் அனுபவசாலி, இரண்டாவது ஓட்டத்திலேயே சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டார். ஒரு காஸ்கட்டுக்காக ஒரு நாள் போனது. சைலன்சரைக் கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு முறையும் புதுக் காஸ்கட் போடுங்கள்.

ஐந்தாவது மின் இணைப்புகள். கடலுக்குப் பக்கத்தில் ஓடும் பைக்கின் சொக்கட்டுகளைக் கழற்றிப் பார்த்தால் பச்சை பூத்திருக்கும். பற்றரியின் ஏர்த் வயர், சென்சர் சொக்கட்டுகள், இக்னிஷன் கொயில் எல்லாவற்றையும் கொன்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து மாட்டுங்கள். வோல்ட் குறைந்தால் பெற்றோல் பம்பும் பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்டரும் அளவு தவறும், பிளக் பொறியும் மெலியும். டைனோவில் அது “மேப் பிரச்சினை” போலவே தெரியும்.

ஆறாவது பெற்றோல் வரும் வழி. டாங்கின் அடியில் துருவும் தண்ணீரும் இருக்கிறதா என்று பாருங்கள். 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் கானிலும் போத்தலிலும் சேர்த்து வைத்து ஊற்றிய பைக்குகளில் நான் பார்த்த அழுக்கு சொல்லும் தரமில்லை. பில்டரை மாற்றி, இன்ஜெக்டரைக் கழுவி எடுங்கள். புதிய பிளக், சுத்தமான எயார் பில்டரும் அதோடு.

கடைசியாகத்தான் ஐட்லிங் (அக்சிலேற்றரைத் திருகாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) சரிசெய்வது. இரண்டு, நான்கு சிலிண்டர் பைக்கென்றால் காபரேற்றர்களை, அல்லது த்ரொட்டில் பொடிகளை, ஒரே அளவில் திறக்கும்படி சமப்படுத்துவதும் இந்த இடத்தில்தான். இதை வால்வ் வேலைக்கு முன் செய்தால் திரும்பவும் செய்ய வேண்டிவரும். பழைய ஹோர்னட் 250 வைத்திருக்கும் ஒரு மச்சான் இந்த வரிசையை மாற்றிச் செய்து, நான்கு காபரேற்றரையும் இரண்டு தடவை கழற்றினான்.

இவற்றோடு கிளச், செயின், பின் ரயர் மூன்றையும் பாருங்கள். கிளச் வழுக்கினால் ஆர்பிஎம் ஏறும், வலு ஏறாது; வரைபடம் குழம்பும். செயின் துருவேறிக் காய்ந்திருந்தால் வலுவைத் தின்னும். நடுவில் தட்டையாகத் தேய்ந்த ரயர் ரோலரில் வழுக்கும். புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாளுக்கு முன் ஒயிலையும் மாற்றிவிடுங்கள்.

5. ஒரு பெற்றோலைத் தீர்மானியுங்கள்

92-ஆ, 95-ஆ? ஒக்டேன் எண் கூடினால் வலு கூடும் என்பது தவறான எண்ணம். அந்த எண் சொல்வது, பிளக் மூட்டிய தீ வந்து சேருமுன் தானாக வெடிக்காமல் பெற்றோல் எவ்வளவு தாங்கும் என்பதை மட்டுமே. ஆர்15 வி3 போல 11.6:1 கம்பிரஷன் உள்ள எஞ்சினில், நம்மூர்ச் சூட்டில், அந்தத் தாங்கும் திறனுக்கு மதிப்பு உண்டு.

விதி ஒன்றுதான்: அன்றாடம் எதை அடிக்கப் போகிறீர்களோ அதிலேயே ரியூன் செய்யுங்கள். 95-க்கு ஏற்றபடி பொறி நேரத்தை (பிளக் பொறி விடும் தருணம்) முன்தள்ளி வைத்துவிட்டு ஊரில் 92 அடித்தால், ஏற்றத்தில் எஞ்சினுக்குள் சில்லறை குலுக்கினாற்போலச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு ஓடுவது எஞ்சினைச் சுத்தியலால் அடிப்பதற்குச் சமம். நீண்ட பயணம் போகிறவர், வழியில் எந்தப் பெற்றோல் செட்டில் எது கிடைக்குமோ அதை அடிக்கிறவர் என்றால் 92-இலேயே ரியூன் செய்யச் சொல்லுங்கள். ஆனால் கையேட்டில் உள்ள எண்ணுக்குக் கீழே போக வேண்டாம்.

6. எந்த வழியில் மாற்றுவது

காபரேற்றர் பைக்கில் மாற்றுவது ஜெட்டும் (பெற்றோல் வரும் சிறு துளை) ஊசியும். முக்கால் திருகலுக்கு மேலே மெயின் ஜெட், நடுப்பகுதிக்கு ஊசியின் உயரம், கால்வாசிக்குக் கீழே பைலட் ஜெட்டும் ஸ்குரூவும். முதலில் மெயின் ஜெட்டைப் பிடித்து, பிறகு கீழே இறங்கி வருவார்கள். மெயின் ஜெட்டின் மாற்றம் நடுப்பகுதியிலும் கொஞ்சம் தெரியும் என்பதுதான் காரணம்.

இன்ஜெக்ஷன் பைக்கில் இரண்டு வழி. ஈசியூவுக்கும் (எஞ்சினை நடத்தும் கணினி) இன்ஜெக்டருக்கும் நடுவில் ஒரு பெட்டியைப் பூட்டிச் சிக்னலை மாற்றுவது பிக்கிபாக். பவர் கமாண்டர் அந்த வகை. ஈசியூவுக்குள் இருக்கும் மேப்பையே மாற்றி எழுதுவது பிளாஷ். பிக்கிபாக்கைக் கழற்றிவிட்டால் பைக் பழையபடி ஆகிவிடும், விற்கும்போது தனியாகவும் விற்கலாம். பிளாஷில் கூடுதல் வயர் இல்லை, பொறி நேரம் உட்பட எல்லாவற்றையும் தொடலாம். உப்புக் காற்றில் இணைப்புகள் குறைவாக இருப்பது நல்லது என்பதால், என் பைக்குக்குச் செய்ய முடியும் என்று தெரிந்ததும் நான் பிளாஷைத் தெரிவு செய்தேன். எல்லா ஈசியூவும் எழுத விடாது. உங்கள் ஈசியூவின் மேலுள்ள இலக்கத்தைப் படமெடுத்து முன்கூட்டியே ரியூனருக்கு அனுப்புங்கள்.

7. ரியூனரிடம் போனிலேயே கேட்டுவிட வேண்டியவை

மாற்றத்துக்கு முன் ஒரு ஓட்டம் எடுத்து அந்தத் தாளைத் தருவாரா? காற்று-பெற்றோல் கலவை விகிதத்தையும் சேர்த்து அளக்கிறாரா? குதிரைவலு மட்டும் காட்டும் டைனோவால் பாதி வேலைதான் நடக்கும். பாதித் திருகலிலும் மேப் செய்வாரா, முழுத் திருகலில் மட்டுமா? கம்பனி மேப்பின் பிரதியைக் கையில் தருவாரா? ஒக்சிசன் சென்சரை என்ன செய்வார்? கடைசிக் கேள்விக்குக் காரணம்: அந்தச் சென்சர் சீரான வேகத்தில் கலவையைக் கம்பனி அளவுக்கே இழுத்துக்கொண்டு போகும். அதைக் கணக்கில் எடுக்காமல் போட்ட மேப் அந்த இடங்களில் பலிக்காது.

“எல்லா ஆர்15-க்கும் ஒரே பைல்தான், பத்து நிமிச வேலை” என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வையுங்கள்.

8. பயணம்

நான் போனது கொழும்புப் பக்கம். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். பைக்கில் போவதென்றால் முதல்நாளே போய்த் தங்குங்கள். ஒரே நாளில் போய்ச் சேர வேண்டுமென்று நடுச்சாமத்தில் புறப்படுபவர்களுக்கு: ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இருட்டில் யானை வீதிக்கு வரும். உங்கள் பைக்கின் வலு அங்கே செல்லாது.

கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, பைக்கின் கையேடு, நீங்கள் எழுதிய குறைத் தாள், உபரிப் பிளக் ஒன்று, சைலன்சர் காஸ்கட் ஒன்று. முக்கால் டாங்காவது உங்கள் வழமையான பெற்றோல் இருக்கட்டும்.

காபரேற்றர்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கொழும்பும் நம்மைப்போலக் கடல்மட்டம் என்பதால் அங்கே பிடித்த ஜெட் இங்கேயும் பொருந்தும். கண்டி போன்ற உயரத்தில் பிடித்தால் கீழே இறங்கியதும் கலவை சற்று மெலியும். இன்ஜெக்ஷன் பைக் காற்றழுத்தத்தைத் தானே அளந்து சரிசெய்துகொள்ளும்.

9. டைனோ நாள்

சரி, பைக்கை ஏற்றிக் கட்டியாகிவிட்டது. பின் ரயர் காற்றைப் பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஓட்டத்துக்கு ஓட்டம் அது மாறினால் எண்ணும் மாறும். எஞ்சின் ஓடும் சூட்டுக்கு வந்தபின்தான் முதல் ஓட்டம்.

முதலில் எதையும் தொடாமல் இரண்டு அல்லது மூன்று ஓட்டம். அவை ஒன்றோடொன்று ஒத்து வர வேண்டும். ஒத்து வரவில்லை என்றால் வழுக்கலோ கசிவோ சூடோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மேப்பைத் தொட அனுமதிக்காதீர்கள்.

அடுத்து பாதித் திருகல். ரோலரில் பிரேக் சுமை கொடுக்கும் டைனோவென்றால், ஒவ்வொரு ஆர்பிஎம்மிலும் நிறுத்திவைத்துக் கலவையைச் சரிசெய்வார்கள். நேரம் எடுப்பது இதுதான், உங்கள் கைக்குத் தெரியப்போவதும் இதுதான். சாப்பிடப் போகாமல் பக்கத்தில் நில்லுங்கள்.

பிறகு முழுத் திருகல். பெற்றோல் முழுதாக எரிய எடைக் கணக்கில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். ஆனால் உச்ச வலு 13-ஐ ஒட்டிய இடத்தில் கிடைக்கும். அதைவிட மெலிந்தால் சூடேறும், தடித்தால் கரியும் மந்தமும்.

பொறி நேரம் கடைசி. கலவை சரியாகாமல் இதைத் தொட்டால் எது எதை மாற்றியது என்று தெரியாமல் போகும். ஒவ்வொரு பாகையாக முன்தள்ளி, முறுக்குவிசை கூடாத இடம் வந்ததும் நிறுத்த வேண்டும். அங்கிருந்து ஒன்று இரண்டு பாகை பின்வாங்கி வைக்கச் சொல்லுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம்மூர் மத்தியானச் சூட்டை ஏசி போட்ட டைனோ அறை காட்டாது.

ஆர்பிஎம் எல்லையை உயர்த்தித் தரவா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். வால்வ் ஸ்பிரிங்கும் பிஸ்டனும் பழைய எல்லைக்குச் செய்தவை. வலு வரைபடம் ஏற்கெனவே இறங்கத் தொடங்கிய இடத்துக்கு அப்பால் சுழற்றி என்ன பயன்?

ஓட்டங்களுக்கு நடுவில் எஞ்சினை ஆறவிடுங்கள். முன்னால் இருக்கும் விசிறி எவ்வளவு பெரிதானாலும் வீதிக் காற்றுக்கு ஈடாகாது.

10. தாளை எப்படிப் பார்ப்பது

உச்சி எண்ணைக் கடைசியாகப் பாருங்கள். முறுக்குவிசைக் கோடு குழிகள் இல்லாமல் போகிறதா, நீங்கள் எழுதிக் கொடுத்த ஆர்பிஎம்மில் முன்னும் பின்னும் என்ன வித்தியாசம் என்பதுதான் முதல். ஆர்15 வி3-இல் 7400-ஐ ஒட்டி வால்வ் அமைப்பு மாறும். அங்கே கோட்டில் சின்ன மடிப்பு இருக்கும். அந்த மடிப்பு எவ்வளவு மழுங்கியிருக்கிறது என்பதே நல்ல வேலைக்கு அடையாளம்.

கம்பனி விளம்பரத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடாதீர்கள். அது எஞ்சினில் அளந்தது, இது சில்லில் அளந்தது. நடுவில் கியரும் செயினும் தின்றது போகக் குறையத்தான் செய்யும். இன்னொரு டைனோவின் தாளோடும் ஒப்பிட வேண்டாம்.

11. ஊருக்கு வந்தபின்

பழைய குறைத் தாளை எடுத்து அதே கியர், அதே ஆர்பிஎம், அதே வீதியில் சோதியுங்கள். பாதித் திருகல் சோதனைக்கு வேகம் தேவையில்லை, வேக எல்லைக்குள்ளேயே முடியும். விடியற்காலை வாகனமில்லாத நேரம் நல்லது. பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் மட்டும் வேண்டாம், மான்கள் தங்கள் இஷ்டத்துக்கு வீதியைக் கடக்கும்.

500 கிலோமீற்றர் ஓடியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மெல்லிய பழுப்பு நிறம் நல்லது, கரி கறுப்பு தடித்த கலவை, வெள்ளை என்றால் உடனே ரியூனருக்குப் போன் போடுங்கள். பெரும்பாலானவர்கள் ஒரு சின்னத் திருத்தத்தைக் கணினிப் பைலாகவே அனுப்பிவிடுவார்கள், திரும்பப் போக வேண்டியதில்லை.

பிளாஷ் செய்த பைக்கை ஏஜென்சி சேர்விசுக்கு விடும்போது ஈசியூவில் புது மென்பொருள் ஏற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்றினால் உங்கள் மேப் அழிந்துபோகும். உத்தரவாதக் காலம் முடியாத பைக் என்றால், ரியூனிங்கோடு அது போய்விடும் என்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள்.

12. புகைப் பரிசோதனை

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது இது வரும். பெற்றோல் வாகனத்தில் காபன் மொனொக்சைட்டையும் ஐதரோகாபனையும் பார்ப்பார்கள். அதனால் ஐட்லிங் பகுதியைத் தடிக்க விடாமல் கம்பனி அளவுக்குப் பக்கத்திலேயே வைக்கும்படி ரியூனரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வலுவில் ஒன்றும் குறையாது, நின்றுகொண்டிருக்கும் பைக்குக்கு வலு எதற்கு? பிக்கிபாக்கில் இரண்டு மேப் வைக்க இடமிருந்தால் ஒன்றில் கம்பனி அளவை அப்படியே விட்டுவையுங்கள்.

கழற்றிய பழைய சைலன்சரை எறிந்துவிடாதீர்கள். பரிசோதனைக்கும் தேவைப்படலாம், விற்கும்போது கட்டாயம் கேட்பார்கள். இங்கே சும்மா மூலையில் போட்டால் ஒரு மாரிக்குள் துருப்பிடித்துவிடும். ஒயில் தடவி, துணி சுற்றி, இரண்டு வாயையும் அடைத்து வையுங்கள். என்னுடையது கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. பழைய இரும்புக்காரர் தெருவில் குரல் கொடுக்கும் போதெல்லாம் அம்மா அதைத்தான் முதலில் வெளியே எடுப்பார்.